மார்லிஸ் கணவனிடம் கேட்காத கேள்வி

மார்லிஸ் ட்வெய்ட், வடக்கு டகோட்டாவில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள். புயலடித்துப் பாதையே தெரியாத நாளிலும் பதறாமல் பிள்ளைகளை வீடு சேர்ப்பவள் என்று பெயர் வாங்கியவள். அவள் பதறிப்போனது ஒரு பிப்ரவரிக் காலையில், குளிக்கும்போது. பிறப்புறுப்பின் ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி சின்னச் சின்னதாக ஏதோ விரலில் தட்டுப்பட்டது. வலி இல்லை. ஆனால் மரு என்று தெரிந்தது.

கணவன் வெர்லின் மேல்தான் உடனே சந்தேகம் போயிற்று. பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையில் வேலைக்காக இலையுதிர்காலம் முழுக்க அவன் வெளியூரில் தங்கியிருந்தான். திரும்பி வந்ததிலிருந்து முதுகுவலி என்று சோபாவில் படுத்தான். மார்லிஸ் இரண்டையும் முடிச்சுப் போட்டாள். ஆனால் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. பதிலைத் தாங்க முடியாது என்ற பயம்.

ஊர் மருந்துக்கடையில் கல்லாவில் இருப்பவள் சர்ச்சில் இவளோடு பாடுகிறவள். காலில் மரு என்று அவளிடம் பொய் சொல்லி, கைகால் மருவுக்கு விற்கிற மருந்தை வாங்கி வந்து தடவிக்கொண்டாள். தோல் வெந்துபோயிற்று. மறுநாள் அவளால் உட்காரவே முடியவில்லை. அன்று அவளுடைய பேருந்தை ஓட்டியது மாற்று ஓட்டுநரான நான். விஷயம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும், அதுவும் அவளே சொல்லி.

அறிந்த முகம் எதிர்ப்படாது என்று ஃபார்கோ நகரத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனாள். நர்ஸ் பெட்ரா பார்த்துவிட்டுத் திட்டவில்லை. கைகால் மருந்து இந்த இடத்துக்கு ஆகாது, முதலில் புண் ஆறட்டும், பிறகு உறையவைத்து எடுக்கலாம் என்றாள். இது எச்.பி.வி என்ற வைரஸால் வருவது. மருவை எடுத்தாலும் வைரஸ் கொஞ்ச காலம் உடம்பில் இருக்கும், அதனால் திரும்பவும் வரலாம். பெரும்பாலும் உடம்பே அதை அடக்கிவிடும். மரு உண்டாக்குகிற வகை புற்றுநோயில் போய் முடிவது அபூர்வம், ஆனாலும் கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னாள்.

மார்லிஸ் கேட்க வந்தது வேறு.

"எங்க வீட்டுக்காரருக்கு இது எப்போ, யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க. ஒட்டினதுக்கப்புறம் மாசக்கணக்கா, சில பேருக்கு வருஷக்கணக்காகூட வெளிய தெரியாம கிடக்கும். அவர்கிட்டேர்ந்து உங்களுக்கு வந்ததா, உங்ககிட்டேர்ந்து அவருக்குப் போச்சான்னே சொல்ல முடியாது."

கல்யாணத்துக்கு முன் மைனாட் என்ற ஊரில் அவளுக்கு ஒரு காதலன் இருந்தான். அதுவரை அவனை அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவனிடமிருந்து தன் வழியாக வெர்லினுக்குப் போயிருக்குமோ என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தாள்.

வெர்லின் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மகள் கூடைப்பந்துப் பயிற்சிக்குப் போயிருந்தாள். மார்லிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"எனக்கும் இருக்கு," என்றான். "ஆலையில இருக்கும்போதே பாத்தேன். முதுகுவலி எல்லாம் பொய். உனக்கு ஒட்டிடக் கூடாதேன்னுதான் தள்ளிப் படுத்தேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ என்னை வெளிய தள்ளிடுவியோன்னு பயந்தேன்."

"தள்ளத்தான் இருந்தேன்."

"அங்க எதுவும் நடக்கல, மார்லிஸ்."

அது உண்மையா என்று பார்க்க வழியே இல்லை. அது இப்போது அவளுக்குத் தெரியும்.

"நம்பறேனா இல்லையான்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது. அடுத்த தடவை ஃபார்கோவுக்கு நீயும் வா."

அவன் போனான். அவனுக்குத் தடவக் களிம்பு கொடுத்தார்கள். அவளுக்குத் திரவ நைட்ரஜன் வைத்து மருவை உறையவைத்தார்கள். சுரீரென்று குத்தி, பிறகு கொப்பளித்து உதிர்ந்தது. வசந்தத்தில் மறுபடி இரண்டு மூன்று தலைகாட்டின. அன்று கிளினிக்கின் வாகன நிறுத்தத்தில் அவள் அழுதாள். வெர்லின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவற்றையும் உறையவைத்தார்கள். அதன்பின் வரவில்லை. பரிசோதனையிலும் குறை எதுவும் இல்லை. மகளுக்கு எச்.பி.வி தடுப்பூசி போடலாமா வேண்டாமா என்று வீட்டில் பேச்சே எழவில்லை. நேரே கூட்டிப்போய்ப் போட்டுவிட்டார்கள். கோடையில் வெர்லின் சோபாவை விட்டுப் படுக்கைக்குத் திரும்பினான்.

சந்தேகம் முழுக்கப் போயிற்றா என்று ஒருமுறை கேட்டேன்.

"சில நாள் வரும். வந்தா அவன்கிட்டயே சொல்லிடுவேன். காலையில காபி போடும்போது பாதி நேரம் அதைத்தான் பேசிக்கிட்டிருப்போம்," என்றாள் மார்லிஸ்.