வெள்ளித் தெய்வத்துக்குத் திருநீறு

எண்பதுகளின் நடுவில், சுவிஸில் நான் தங்கியிருந்த டீட்டிகோனிலிருந்து ரயிலேறி சூரிச்சுக்குப் போய், பழைய நாணயங்கள் விற்கும் ஒரு கடையைத் துப்புரவாக்கி வந்தேன். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. அதுவரை வேலை அனுமதியை நீட்டிக்க முதலாளியின் கடிதம் வேண்டும். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வெள்ளி காலை அவர் தபால் நிலையத்துக்குப் போயிருந்தார். கூட்டினேன், துடைத்தேன், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன். தட்டச்சு இயந்திரத்தில் கடிதம் இருக்கிறதா என்று மூன்று தரம் எட்டிப் பார்த்தேன். இல்லை. பக்கத்தில் பச்சைத் துணியின்மேல் ஒரு ரோமாபுரி வெள்ளிக்காசு கிடந்தது. அதில் ஒரு பெண். ஒரு கையில் பூ, மறுகையால் சேலைக்கரையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். எனக்கு அவள் லட்சுமியேதான். ஆனால் அடிப்பிடித்த சட்டி மாதிரிக் கறுத்துப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஒரு தெய்வத்தை இப்படியா வைத்திருப்பது? சட்டைப்பையில் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. வீட்டில் வெள்ளிச் செம்பை மினுக்குவதுபோல விரலால் தேய் தேயென்று தேய்த்தேன். கை சும்மா இருந்தால்தானே! பளபளவென்று வந்துவிட்டாள்.

முதலாளி வந்தார், பார்த்தார், கதிரையில் பொத்தென்று அமர்ந்தார். அந்தக் கறுப்பு அழுக்கில்லையாம்; பல நூறு வருடங்களாகப் படிந்த அதன் வயதாம். இனி யாரும் அதை வாங்கமாட்டார்களாம். "இவள் யார் தெரியுமா? ஹொஃப்னுங்" என்றார். நம்பிக்கைக்கான ஜெர்மன் சொல்; ரோமர் அதையும் ஒரு தெய்வமாக வைத்திருந்தார்களாம். எனக்கு நன்றாகத் தெரியும். விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்கப்போன இடமெல்லாம் அந்தச் சொல்லைத்தான் கொடுத்து அனுப்பினார்கள்.

கடிதத்தைப் பற்றி வாய் திறக்கப் பயந்தேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டச்சு செய்தார். ஒட்டாத உறையொன்றைத் தந்து, போ என்று கையைக் காட்டினார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

என் அறையில் கூட இருந்த அண்ணைக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியும். வேலை போய்விட்டது என்று சொல்லி உறையை நீட்டினேன்.

"என்னடா செய்தனி?"

"சாமிக்காசைத் திருநீறு போட்டு மினுக்கிப்போட்டன், அண்ணை."

"உனக்கென்ன விசரோ?"

அவர் வாசித்து முடிக்கும்வரை குசினிக்குள் அடுப்புக்கும் கதவுக்கும் இடையே அங்குமிங்கும் நடந்தேன்.

"வேலையிலை வைச்சிருக்கிறாராம். அனுமதியை நீட்டிக் குடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்."

"ஓமோ?"

"ஓம். கீழை இன்னொரு வரியும் இருக்கு. 'தேவைக்கு மிஞ்சியே துப்புரவாக்குவார்' எண்டு."

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.