பலகைச் சத்தம்

முத்தாபுதுப்பேட்டை மைதானத்தில் இன்று ஓட்டப்போட்டி. விளையாட்டுச் சங்கத் தலைவி என்பதால் நான்தான் தொடங்கிவைக்க வேண்டும்.

“புச்சா துப்பாக்கி வாங்கிகீறாங்க, இன்னாத்துக்குக்கா பலகை?” என்றாள் என்னிடம் பயிற்சி பெறும் திவ்யா, என் கையிலிருந்த இரண்டு பலகைகளைப் பார்த்து.

யாழ்ப்பாணத்தில் என் முதல் பள்ளி ஓட்டம். செம்மண் சூடு உள்ளங்காலைப் பொசுக்கியது. துப்பாக்கி வெடித்ததும் ஒருத்தியும் ஓடவில்லை. எல்லோரும் குப்புறப் படுத்துவிட்டோம். சண்டைக்காலப் பழக்கம். அப்பா எங்கிருந்தோ இரண்டு பனம்பலகைகளைக் கொண்டுவந்தார். “பயப்பிடாதேங்கோ பிள்ளையள், பலகைதான்” என்று சொல்லிவிட்டுத் தட்டினார். ஓடினோம்.

அகதியாக வந்து, இந்த ஊருக்காக ஓடி, முழங்கால் போனபின் பயிற்சியாளரானேன். அப்பா படகேறவில்லை.

இன்றும் தட்டுமுன் அவர் சொன்னதையே சொன்னேன்.

“பலகைக்கு யாருக்கா பயப்படுவாங்க?” என்றாள் திவ்யா.

தட்டினேன். சிரித்தபடியே ஓடினார்கள். புழுதி அடங்கும்வரை கோட்டில் நான் மட்டும் நின்றேன்.