பனிமேல் பச்சைக் கோடு

ஒரு ஏரியின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, 'நான் ஏன் இங்கே வந்தேன்?' என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா?

நான் யோசித்தேன். போன மாதம், ஒரு சனிக்கிழமை. ஏரி உறைந்திருந்தது. என் கால்விரல்களும்தான்.

கூட்டிப் போனவள் வாசுகி. ஸ்காபரோவில், மோர்னிங்சைடில் எனக்குப் பக்கத்துத் தெரு. பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் வேலை. கணவர் ரகு அண்ணை பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். பிள்ளைகள் இருவரும் படிப்பென்று வெளியூர் போனதும் வீடு ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. மற்றவர்கள் என்றால் நாய் வளர்த்திருப்பார்கள். இவர்கள் ஆளுக்கொரு ஸ்னோமொபைல் வாங்கினார்கள்!

தெரியாதவர்களுக்காக... பனிமேல் ஓடும் மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் அகலமான ரப்பர் பட்டி ஒன்று சுழலும். அதை ட்ராக் என்பார்கள். வெறும் ஐஸில் ரப்பர் வழுக்கும். அதனால் சிலர் அதில் கூரான இரும்பு முனைகளைப் பூட்டிக்கொள்வார்கள். அவைதான் ஸ்டட்.

ரகு அண்ணை பூட்டினார். வாசுகி பூட்டவில்லை.

பூட்டிக் கொடுத்த கடைக்காரர் சில விஷயங்களைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ட்ராக் சுழலும்போது இந்த முனைகள் இருக்கைக்குக் கீழே உள்ள கூண்டின் கூரையை ஒட்டிப் போகும். எஞ்சினைக் குளிரவைக்கும் கூலர் இருப்பதும் அங்கேதான்; ட்ராக் வாரியடிக்கும் பனிதான் அதைக் குளிரவைக்கும். ஆகவே உள்ளே காப்புப் பட்டிகள் போட வேண்டும். ட்ராக் தளரக் கூடாது. தார் ரோட்டில் ஓடக் கூடாது, முனைகள் வளைந்துவிடும்.

"உது கடைக்காரன்ர வியாபாரம்" என்றார் ரகு அண்ணை.

வாசுகி அந்தப் பட்டிகளை வாங்கிவிட்டாள். பெட்டி திறக்கப்படாமல் கராஜில் கிடந்தது.

அன்றைக்கு ஏரிக்குள் இறங்கும் முன் பெற்றோல் அடிக்கப் போனோம். பனி வழித்த வெறும் தார்த்தரை. ரகு அண்ணை தன் ஸ்னோமொபைலை நேரே அதன் மேல் ஏற்றினார். நறநறவென்று ஒரு சத்தம்... என் பல்லெல்லாம் கூசியது.

"இஞ்சாருங்கோ, கரையால வாங்கோ. அங்கால பனி கிடக்குது" என்றாள் வாசுகி.

"ஒரு நிமிசம்தானே. நீர் பேசாமல் வாரும்."

ஏரியில் அவர் முன்னால். வாசுகி பின்னால், அவளுடைய முதுகைக் கட்டிப்பிடித்தபடி நான். கொஞ்ச தூரம் போனதும் அவள் வேகத்தைக் குறைத்துக் கையைக் கீழே நீட்டினாள். வெள்ளைப் பனியில் பச்சை நிறச் சொட்டுகள். போகப் போகச் சொட்டுகள் சேர்ந்து ஒரு கோடாக நீண்டன.

"கூலன்ட், கூலருக்குள்ள ஓடுற தண்ணி!" என்று கத்தினாள். "கூலர் ஓட்டையாப் போச்சு. உப்பிடியே ஓடினாரெண்டால் எஞ்சின் இறுகிப் போடும்."

விளக்கை விட்டு விட்டு அடித்துக் காட்டினாள். ரகு அண்ணை திரும்பிப் பார்த்தார். கையை உயர்த்தினார். பிறகு... வேகத்தைக் கூட்டினார். போட்டிக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டார் மனிதர்!

"இறுக்கிப் பிடி" என்றாள்.

காற்று பனியை அள்ளிக்கொண்டு போன இடம் அது. ஸ்டட் இல்லாத எங்கள் வண்டி பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கியது. முன்னால் இருந்த கரை என் வலது பக்கத்துக்கு வந்தது. நான் நல்லூர் முருகனைக் கூப்பிட்டேன். அவள் மெல்ல, மெல்ல வண்டியை நேராக்கினாள். பிறகு வேகமே எடுக்கவில்லை.

"உன்னையும் ஏத்திக்கொண்டு நான் உந்த விளையாட்டு விளையாடேலாது."

ரகு அண்ணை தூரத்தில், ஏரிக்குள் நீண்டிருந்த ஒரு கரைமுனையைத் தாண்டி மறைந்துவிட்டார். வாசுகி எஞ்சினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். அவருடைய வண்டியின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது.

அவள் மறு நொடியே எஞ்சினைக் கிளப்பினாள்.

பச்சைக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனோம். கரைமுனைக்கு அப்பால், ஆவி பறக்கும் வண்டியருகே ரகு அண்ணை ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நின்றார். முழுசாக.

"பனி காணாது, அதுதான் சூடாயிட்டுது" என்றார். "சும்மா கொஞ்சம் ஆறவிட்டாச் சரி."

வாசுகி கையை நீட்டி வந்த வழியைக் காட்டினாள். அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"உங்களுக்கு ஒண்டும் இல்லைத்தானே?" என்றாள் வாசுகி.

"இல்லை."

அவ்வளவுதான் பேச்சு. வாசுகி கயிற்றை எடுத்து அவர் வண்டியை எங்கள் வண்டியோடு கட்டினாள். ரகு அண்ணை தன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பாரம் குறையட்டும் என்று நான் இறங்கப் போனேன்.

"இறங்காதை! உன்ர பாரம்தான் இப்ப எனக்கு ஸ்டட்!"

இத்தனை வருடம் சோற்றைக் குறைக்காமல் இருந்ததற்கு ஒரு பயன்... பனி கிடக்கும் இடங்களாகப் பார்த்துப் பார்த்து, நடக்கும் வேகத்தில் கரை சேர்ந்தோம்.

ஸ்னோமொபைல்கள் இரண்டையும் ட்ரெய்லரில் இழுத்துக்கொண்டு ரகு அண்ணையின் வான் வண்டியில் வீடு திரும்பினோம். கடைசியில் ரகு அண்ணைக்குத்தான் பொறுக்க முடியவில்லை.

"ஏன் ஒண்டும் சொல்லாமல் வாறீர்?"

"என்னத்தைச் சொல்ல?"

"நான் முதலே சொன்னனான் எண்டு."

"அது உங்களுக்குத் தெரியும்தானே. பிறகு ஏன் நான் சொல்லவேணும்?" என்றாள் வாசுகி. சற்றுப் பொறுத்து, "உங்கட சத்தம் நிண்டவுடனை எனக்குக் கை கால் விறைச்சுப் போச்சு. வண்டியை நினைச்சில்லை" என்றாள்.

அவர் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் தன் பக்கத்து ஹீற்றரை அவள் பக்கம் திருப்பிவிட்டார்.

'நான் முதலே சொன்னேன்' — இதைவிட ருசியான வசனம் வீட்டில் வேறு உண்டா? கைக்கு எட்டிய அந்த லட்டை அவள் எப்படித் தின்னாமல் விட்டாள்? நானென்றால் ஏரியிலேயே தொடங்கி ஸ்காபரோ வரும்வரை சொல்லியிருப்பேன்.

அடுத்த கிழமை கராஜில் வண்டியின் பின்பக்கத்தை உயர்த்தி வைத்து இருவரும் வேலை பார்த்தார்கள். நான் வேடிக்கை பார்த்தேன். கூண்டுக்குள் நெடுகக் கீறல்கள். வளைந்த முனையொன்று கூலரைக் கிழித்திருந்தது. ட்ராக்கும் தளர்ந்துபோய்த்தான் இருந்தது. புதுக் கூலர் போட்டார்கள். காப்புப் பட்டிகளைப் பூட்டினார்கள். ட்ராக்கை இறுக்கி, ஒவ்வொரு ஸ்டட்டின் நட்டையும் கையால் தொட்டுப் பார்த்தார்கள். இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் அதைப் பார்க்கிறார்களாம். ஸ்டட் வளையாதபடி ட்ரெய்லருக்கும் தடித்த ரப்பர் விரிப்பு வந்துவிட்டது.

போன ஞாயிறு மறுபடி போனோம். ஆம், நானும்தான்! ஏரிக்கரையில் வெக்ஸ்போர்ட் பக்கத்துத் தமிழர் ஒருவர் புதிதாக ஸ்டட் பூட்டிய வண்டியை இறக்கிக்கொண்டிருந்தார். ரகு அண்ணை குனிந்து கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, காப்புப் பட்டி போடாமல் ஓடக்கூடாது. கூலர் போயிடும். நான் இவவுக்கு எப்பவோ சொன்னனான்!"

நான் வாசுகியைப் பார்த்தேன். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். உள்ளே சிரிப்பது தோள் குலுங்கியதில் வெளியில் தெரிந்தது.

ரகு அண்ணைக்கு எல்லாம் முதலே தெரியும்... கொஞ்சம் பிந்தித் தெரியும், அவ்வளவுதான்!