அப்பா விசாரித்த கடைசிச் சாட்சி

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. பட்டிமன்ற மேடையில் வாதாடிப் பழகிய எனக்கு அவர் பெருமையை எடுத்துரைப்பது எளிது. ஆனால் ஒரு செய்தியை மட்டும் வாதமாக அன்றி, பார்த்தது பார்த்தபடி உறவினர் முன் வைக்கிறேன்.

சோமனூரில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்த அப்பா, பொறியியல் பயின்று, ரயில்வே பாதுகாப்பு ஆணையராக உயர்ந்தார். அவர் ஒப்புதலின்றிப் புதிய பாதையில் பயணிகள் ரயில் ஓடாது. விபத்து நடந்தால் விசாரிப்பவரும் அவரே. அப்பதவி விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருவது. "ரயிலு ஆபீசரு பிளைட்டுக்காரங்ககிட்டச் சம்பளம் வாங்கறாரு" என்று சித்தப்பா கேலி செய்வார். ரயில்வேக்குக் கட்டுப்படாதவரே ரயில்வேயை விசாரிக்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அப்பா அப்படியே வாழ்ந்தார்.

பல்லடத்தைச் சேர்ந்த ரயில் ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்த விபத்தை அப்பா விசாரித்தார். சிவப்பு விளக்கை ஓட்டுநர் மீறினார் என்றனர் சாட்சிகள் அனைவரும். "வார்த்தைகூட மாறாமச் சொல்றாங்க கண்ணு. மறுத்துப் பேச அவரு வரமாட்டாருன்னு தைரியம்" என்றார் அப்பா. நெருக்கடிகளுக்கு நடுவிலும், ஓட்டுநரின் தவறு உறுதியாகவில்லை என்றே அறிக்கை எழுதினார். ஆனால் அவர் தவறிழைக்கவில்லை என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை. ஓய்வுபெற்றுத் துடியலூரில் குடியேறிய பின்பும், மேட்டுப்பாளையம் ரயில் கடக்கையில் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். "நான் எழுதுனது சரிதானா?" என்று அம்மாவிடம் கேட்பார்.

மருத்துவமனையில் கடைசி நாள், நண்பகல். கட்டிலருகே நாற்காலியில் உட்காரப் போன சித்தப்பாவை அப்பா தடுத்தார்.

"அதுல ஆளு இருக்காருடா."

சித்தப்பா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. வெற்று நாற்காலியை நோக்கி, பணிக்காலத்துக் குரலில் கேட்டார்: "பல்லடத்துல இருந்து வர்றீங்களா? பயப்படாதீங்க. சிக்னல்ல என்ன நெறம் பார்த்தீங்க?"

பிறகு அப்பா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே தலையசைத்தார். ஒருமுறை, "மெதுவாச் சொல்லுங்க" என்றார். அவர் விரல் போர்வையின்மேல் வரி வரியாக எழுதிச் சென்றது. நாங்கள் கதவோரம் ஒதுங்கி நின்றோம்.

விரல் ஓய்ந்ததும் குனிந்து கேட்டேன். "அவரு என்னங்கப்பா சொன்னாரு?"

"விசாரணையில சொன்னதை வெளிய சொல்லக் கூடாதுங்க அம்மணி."

அவ்வளவு தெளிந்த முகத்தோடு அப்பாவை நான் கண்டதில்லை. அன்று மாலை கண்மூடினார்.

இரவு பகலாகக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த சித்தப்பாவுக்கும், துடியலூர் அண்டை வீட்டாருக்கும் கடமைப்பட்டுள்ளோம். காரியத்தன்று அந்த ஓட்டுநரின் மனைவியும் வந்திருந்தார். நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. படத்துக்குப் பூ வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எங்கூட்டுக்காரரு கனவுல வந்தாருங்க. ஆபீசருகிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன், இனி வரமாட்டேன்னாரு."

என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த அம்மையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.