தேங்காய் உடையாத கயாக்

மீன்தூண்டில் வாங்க ஒரு ஆள் வருவான். கயாக் வாங்கக் குடும்பமே வரும். கடையில் நின்று பொருள் விற்றவர்களுக்கு இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தூண்டில் கடையில் இருந்தேன். சீன முதலாளி ஆ லியோங் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, துடுப்புப் போட்டுப் போகிற சின்னப் பிளாஸ்டிக் படகு, அதுதான் கயாக், சிலவற்றை இறக்கிவிட்டார். கடையில் இடமில்லை. கூரையில் கட்டித் தொங்கவிட்டோம். வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். தண்ணீர்த் தொட்டியா என்பார்கள். இல்லை என்றால் போய்விடுவார்கள்.

முதலில் வாங்கியது மணியம் குடும்பம். அவர்கள் வாங்கி முடிப்பதற்குள் நான் பட்டதுதான் இது.

சட்டி எங்கே

மணியம் கிள்ளானில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். முள், நூல் வாங்க அடிக்கடி வருவார். பேச மாட்டார். அதனாலேயே எனக்குப் பிடிக்கும். அன்று மனைவி சரோஜாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்து, எடுத்ததும் கயாக் கேட்டார். முகம் சரியில்லை.

சரோஜாதான் விஷயத்தைச் சொன்னார். "வாரம் முழுக்க ஊரான் பிள்ளைங்கள ஏத்தி இறக்குறாரு அங்கிள். ஞாயித்துக்கிழமை ஆனா தூண்டிலத் தூக்கிட்டுக் காணாம போயிடுறாரு. இனிமே போனா நாலு பேரும் போவோம். இல்லன்னா அந்தத் தூண்டில்ல நான் துணி காயப்போடப் போறேன்."

ஆக, மணியத்தின் தூண்டில் தூண்டிலாகவே இருக்குமா, கொடிக்கம்பாகுமா என்பது நான் எடுத்துக் கொடுக்கும் கயாக்கில் இருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டேன். எங்கே விடுவீர்கள்? ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில். எப்படிக் கொண்டுபோவீர்கள்? வேன் கூரையில். நீந்தத் தெரியுமா? சரோஜாவைத் தவிர எல்லாருக்கும் தெரியும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் விற்க மாட்டேன் என்றேன். சரி என்றார்கள். மஞ்சள் நிறத்தில் இருக்கிறதா என்று சரோஜா கேட்டார். இருந்தது. வேறு கேள்வி உண்டா என்றேன். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார்.

"இதுல பிரியாணிச் சட்டி எங்க வைக்கிறது அங்கிள்?"

நடைபாதைப் பயணம்

மணியத்தின் கண் நீளமான ஒல்லிக் கயாக் மேல் இருந்தது. வேகமாகப் போகுமாம். "குட்டைல உங்கள யாரு துரத்துறா?" என்றேன். ஒல்லியானது வேகமாகப் போகும், கொஞ்சம் சாய்ந்தால் கவிழ்ந்தும் போகும். அகலமானது மெதுவாகப் போகும், தூண்டில் வீசும்போது ஆடாது. உள்ளே காலை நுழைத்து உட்காருகிற வகை பிள்ளைகளுக்கு ஆகாது. கவிழ்ந்தால் வெளியே வரத் தெரிய வேண்டும். அதனால் நான் காட்டியது மேலே உட்காருகிற அகல வகை, இரண்டு இருக்கை, நடுவில் ஒரு பிள்ளைக்கு இடம். நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஏற முடியாது. மாற்றி மாற்றிப் போங்கள் என்றேன்.

அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. கயாக்கை இறக்கிக் கடை வாசல் நடைபாதையில் போட்டோம். ஏற முடியாது என்று நான் சொன்ன நான்கு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். சரோஜா முன்னால் உட்கார்ந்து துடுப்பைப் பிடித்துக் காற்றைத் தள்ளினார். பூ விற்கும் அம்மாள் வந்து நின்றாள். பஸ்ஸுக்குப் போனவர்கள் நின்றார்கள். பிள்ளைகள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். யாரும் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. ஆ லியோங் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். இந்தப் பேட்டையில் இருந்து இருந்து அவருக்குத் தமிழ் வரும்.

"அண்ணே, இவங்க போட் வாங்குதா, இங்கயே குடி இருக்குதா லா?"

மச்சான் வந்தார்

அடுத்த வாரம் சரோஜாவின் அண்ணன் குணசீலனையும் கூட்டி வந்தார்கள். அரசாங்க ஆபீஸில் வேலை. அவர் சரி என்றால்தான் அந்த வீட்டில் ஃபிரிஜ்கூட வாங்குவார்களாம். கயாக்கைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், தங்கையைப் பார்த்தார். "ஓட்டை" என்றார். மணியம் என்னைப் பார்த்தார். அவருடைய தூண்டில் கையை விட்டுப் போவது அவர் கண்ணில் தெரிந்தது.

ஓட்டைதான். அந்த வகைக் கயாக்கில் உட்காரும் இடத்திலேயே ஓட்டை இருக்கும். மேலிருந்து அடிவரை குழாய் மாதிரி போகும். மேலே தெறிக்கிற தண்ணீர் அதன் வழியாக வடியும். கயாக்கின் உடம்புக்குள் தண்ணீர் போகாது. வாயால் சொல்லி அலுத்து, ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். வடிந்து நடைபாதையில் ஓடியது. குணசீலன் விடவில்லை. கீழே போகிற வழி மேலே வருகிற வழியும்தானே என்றார். நல்ல கேள்வி. அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பாரம் கூடினால் கொஞ்சம் வரும், உட்கார்ந்த இடம் நனையும், ஆனால் முழுகாது என்று உண்மையைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"முழுகாதுன்னா வாங்கிக்கோ மச்சான், ஆனா மாத்து உடுப்பு யார்யாருக்குன்னு இப்பவே சொல்லிடு."

தேங்காய்

தண்ணீரில் விடுகிற அன்று என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் அந்தச் சட்டியை எங்கே வைக்கிறார்கள் என்று பார்க்க ஆசை. போனேன்.

கரையில் கயாக்குக்குச் சந்தனம், குங்குமம், மாலை. புது வேனுக்குச் செய்தது எல்லாம் இதற்கும். வேனுக்கு அப்போது பூசாரி தேங்காயைத் தரையில் உடைத்தாராம். மணியம் ஏதோ படத்தில் புதுக் கப்பலின் மூக்கில் பாட்டில் உடைப்பதைப் பார்த்திருக்கிறார். தேங்காயைக் கயாக்கின் மூக்கிலேயே ஓங்கி அடித்தார். அந்தப் பிளாஸ்டிக், சுத்தியலால் அடித்தாலும் விரிசல் விடாது என்று நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். தேங்காய் எகிறியது. உடையவில்லை. மணியத்தின் தோளைத் தாண்டித் தண்ணீரில் விழுந்து, முழுசாக மிதந்தது.

சரோஜா லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற ஆரம்பித்தார். "போட்டை வேன்ல ஏத்துங்க. அந்தத் தூண்டிலையும்தான்." மணியம் மணலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "பூசை போட்ட தேங்காய் அதுபாட்டுக்குப் போகுது பாருங்கம்மா" என்றேன். காற்று அதை நடுக் குட்டைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. சரோஜா பார்த்தார். பாதி கழற்றிய ஜாக்கெட்டை மறுபடி மாட்டினார்.

"சாமி தேங்காய அப்படியே விட்டுட்டுப் போறதா? எந்திரிங்க, துடுப்பு எங்க?"

அங்கே என்ன இருக்கிறது

சரோஜா முன்னால், மணியம் தூண்டிலோடு பின்னால். பிள்ளைகள் என்னோடு கரையில். கயாக் ஆடவில்லை, அகலம் சும்மாவா? கரையிலிருந்து பேச்சு கேட்டது. "இடது பக்கம் போடு. அந்த இடது இல்ல. அசையாத. மீன் ஓடிடும். பேசாத." எல்லாம் மணியத்தின் குரல். கடையில் இத்தனை காலம் அவர் பேசாததை எல்லாம் சேர்த்து வைத்திருந்தார் போல. நடுவில் ஒருதரம் கரைக்கு வந்து, தூண்டில் மிதப்பை மாற்றிப் போட்டு, முள்ளைச் சரிபார்த்து, மறுபடி போனார்கள். தேங்காய் முதல் சுற்றிலேயே கைக்கு வந்துவிட்டது. ஆனால் கரைக்குத் திரும்பலாம் என்று சரோஜா சொல்லவில்லை.

வெயில் ஏறியதும் மணியம் இறங்கிவிட்டார். சரோஜா இறங்கவில்லை. கரையை ஒட்டித் தனியாகத் துடுப்புப் போட்டார். அப்புறம் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் பசி என்று கத்தினார்கள். பிரியாணிச் சட்டி கடைசிவரை வேனைவிட்டு இறங்கவில்லை. ஒருவழியாக வந்தார். சேலை இடுப்புவரை ஈரம். தேங்காய் மடியில். இவ்வளவு நேரம் அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அங்க ஒண்ணுமே இல்ல அங்கிள். இத்தனை வருஷமா இத இவரு மட்டும் வச்சுக்கிட்டிருந்தாரே."

மறுபடி கடைக்கு

சில வாரம் கழித்து மணியமும் சரோஜாவும் கடைக்கு வந்தார்கள். தூண்டிலின் கதி என்ன என்று கேட்க நினைத்தேன். அதற்குள் சரோஜா கூரையை அண்ணாந்து பார்த்து, சிவப்பில் தொங்கிய ஒற்றை இருக்கைக் கயாக்கைக் காட்டினார். எனக்குக் கொஞ்சம் வருத்தம். "கடைசில இவரத் தனியா அனுப்ப முடிவு பண்ணிட்டீங்களா?" என்றேன். மணியம் தலையைச் சொறிந்தார். சரோஜா இருக்கையின் அகலத்தைக் கையால் அளந்துகொண்டே பதில் சொன்னார்.

"இது எனக்கு அங்கிள், இவரு பிள்ளைங்களோட அந்தப் பெருசுல வரட்டும், தூண்டிலையும் எடுத்துக்கட்டும், என்னை மட்டும் யாரும் கூப்பிடக் கூடாது."

ஒரு தூண்டிலைக் காப்பாற்றப் போய் இரண்டு கயாக் விற்றவன் நான், ஆனால் அந்தக் குட்டையில் மீன் இருக்கிறதா என்று மட்டும் அந்தக் குடும்பத்தில் யாரும் இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.