பதினேழாம் நம்பர் வீரை

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மூடி வைத்த எதையும் திறந்து பார்த்தே ஆக வேண்டும். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டுதான் தொண்ணூற்றொன்றில், எரிந்த காட்டைக் கைபடாமல் பார்த்து எழுதும் வேலைக்குப் போனேன்.

அந்தக் கோடையில் வல்லக்கோட்டைக்குப் பக்கத்துக் காப்புக்காட்டில் ஒரு பகுதி கருகிப்போயிருந்தது. தாவரவியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு அங்கே தற்காலிக வேலை கிடைத்தது. நாற்பது அடிக்கட்டைகள், ஒவ்வொன்றிலும் கம்பியால் கட்டிய தகர நம்பர். வாரம் ஒருமுறை போய், எது துளிர்த்தது, எது செத்தது, எதனால் செத்தது என்று நோட்டில் குறிக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் எந்த நாற்று வளர்ப்பது என்று முடிவு செய்வோம் என்று வனவர் சொல்லியிருந்தார்.

முதல் மழைக்கே களா, சூரை முட்புதர்கள் தளதளவென்று கிளம்பிவிட்டன. பதினேழாம் நம்பர் மட்டும் கரிக்கட்டையாகவே நின்றது. அந்த இடத்தில் இருந்த ஒரே வீரை மரம் அது. உள்ளே என்னதான் நடக்கிறது? பொறுக்க முடியாமல் ஒரு குச்சியால் அடிமண்ணைக் கிளறினேன். இரண்டு விரல் ஆழத்தில், வேர் தொடங்கும் இடத்தில், அரிசிமணி அளவில் வெளுத்த மொட்டுகள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. பதமாக மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாளே மறுபடி பஸ் ஏறி வந்து திறந்து பார்த்தேன். அதற்கு மறுநாளும்.

தீக்காவலுக்கு அமர்த்தியிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். "இன்னாம்மா, தெனிக்கும் வந்து நோண்டிக்கினே கீற? சோறு வெந்துச்சான்னு நிமிசத்துக்கு ஒரு தபா மூடியத் தொறந்தா எப்புடி வேவும்?"

"இதெல்லாம் ஆராய்ச்சி, உனக்குப் புரியாது" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது வாரம் மொட்டுகள் பழுப்பாகி, நகம் பட்டதும் உதிர்ந்தன. நான் கிளறியதில் மெல்லிய வேர்கள் அறுந்திருந்தன. இளகிய மண் வழியாகக் கரையான் ஏறியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காரணம் எழுதும் கட்டத்தில் கூசாமல் 'தீ' என்று எழுதினேன்.

மழைக்காலம் முடிந்ததும் வனவர் வந்தார். ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். நாற்றுப் பட்டியல் அவர் மடியில் இருந்தது.

"வீரை தீயத் தாங்கல போலிருக்கே. இங்க வருஷா வருஷம் தீ வரும்மா. தாங்குற மரமாப் பார்த்து வைப்போம்" என்றபடி பட்டியலில் வீரையின் மேல் பேனாவை வைத்தார்.

நான் எழுதிய ஒரு சொல்லால் அந்தக் காட்டில் இனி வீரையே இல்லாமல் போகப்போகிறது.

"சார், அது தீயால சாகல. நான்தான் தோண்டித் தோண்டிப் பார்த்துக் கொன்னேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "வேற எதையெல்லாம் தோண்டினீங்க?" என்று மட்டும் கேட்டார். இன்னும் நான்கு. மறைக்காமல் நம்பரைச் சொன்னேன். நோட்டையும் பேனாவையும் என்னிடமே நீட்டி, "நீங்களே அடிச்சிடுங்க" என்றார். ஐந்து வரிகளையும், அத்தனை வாரம் நடந்த நடையையும், என் கையாலேயே அடித்தேன். கண் கலங்கியது.

பிறகு அவர் மடியில் இருந்த பட்டியலை எட்டிப் பார்த்தேன். வீரை அடிபடாமல் இருந்தது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அத்தனை மாதம் நான் பார்த்த வேலையில் வீரையைப் பற்றி உண்மையென்று மிஞ்சியது அந்தக் கேள்விக்குறிதான்.