பதினைந்து நிமிஷ ராசாங்கம்

ஜெராக்ஸ் மிஷினை வடிவமைத்தவன் ஒருநாளும் அதை ரிப்பேர் பார்த்திருக்க மாட்டான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். பதினெட்டு வருஷமாகத் திருமானூர் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளராகக் குப்பை கொட்டுகிறேன். மிஷின் இருப்பது என் மேஜைக்குப் பக்கத்தில். அது நின்றுவிட்டால் வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் முறைப்பார்கள், நான்தான் அதைப் பெற்றுப் போட்டது போல.

அதைப் பார்க்க வருகிறவர் ராசாங்கம். பெரம்பலூர்க்காரர், வயது ஐம்பத்தொன்று, தொப்பை உண்டு, கோபம் அதைவிடப் பெரியது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் அந்தக் கம்பெனி மிஷின் எங்கே மக்கர் பண்ணினாலும் அவருடைய பைக்தான் போய் நிற்கும். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதையும் நானே ஜெராக்ஸ் எடுக்க வேண்டும்.

எங்கள் பக்கம் சிமெண்ட் லாரி போகாத சாலை கிடையாது. அந்தத் தூசி மிஷினுக்குள் போய், தாளை இழுக்கிற ரப்பர் உருளையில் படியும். உருளை வழுக்கும், தாள் வராது. கட்டைவிரல் அளவு உருளை, அதை மாற்றினால் போதும். ஆனால் அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை எங்கே வைத்திருக்கிறான் தெரியுமா? பக்கவாட்டுத் தகட்டுக்கு ஒரு சாண் உள்ளே. அந்தத் தகடோ கழற்றவே முடியாதபடி ஒட்டியது. கம்பெனி புத்தகப்படி போனால் முதுகுப் பக்கம் திறந்து, டிரம்மை எடுத்து, ஹீட்டரை எடுத்து, இருபத்திரண்டு ஸ்க்ரூவைத் தரையில் பரப்பி, கடைசியில் கையை முழங்கை வரை விட்டுத் தடவித் தேட வேண்டும். மூன்று மணி நேர வேலை. ராசாங்கத்தின் வலது கையில் தழும்பு இல்லாத இடம் குறைவு.

"இத வரஞ்சவன் மட்டும் கெடைக்கட்டும் மேடம். அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். அவன் கையையே உள்ள வுட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவேன்" என்பார். திட்ட மாட்டேன் என்று சொன்னது சும்மா. அந்த முகம் தெரியாத ஆளின் ஏழு தலைமுறையையும் எங்கள் ஆபீஸில் வைத்தே திட்டிக் கரையேற்றியிருக்கிறார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பொறுமை போய்விட்டது. டிரில் மிஷினைக் கொண்டுவந்து அந்தப் பக்கவாட்டுத் தகட்டில் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஓட்டை போட்டார். நீள ஸ்க்ரூ டிரைவரை நுழைத்தால் நேரே அந்த ஸ்க்ரூவின் தலையில் போய் உட்கார்ந்தது. நாலு சுற்று, உருளை கையில். பதினைந்து நிமிஷத்தில் வேலை முடிந்து எங்களோடு வடை தின்றுகொண்டிருந்தார்.

மிஷினில் ஓட்டை போடுவது கம்பெனி சட்டப்படி பெரிய குற்றம். தெரிந்தால் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். அட்டை இல்லாதவருக்கு உதிரிபாகம் கிடையாது, அப்புறம் பிழைப்பும் கிடையாது. அதனால் ராசாங்கம் ஓட்டையின் மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டினார். இரண்டு மாவட்டத்திலும் ஓட்டை போட்டார், இரண்டு மாவட்டத்திலும் சாமி ஒட்டினார். பள்ளிக்கூடம் சர்ச்சோடு சேர்ந்தது என்றால் மாதா. பாய் வைத்திருக்கும் கடை என்றால் 786. ஒவ்வொரு ரிப்பேருக்கும் பழைய ஸ்டிக்கரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முடிந்ததும் புதிதாக ஒன்று ஒட்டுவார். ஆயுத பூஜைக்கு நாங்கள் அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலையும் போட்டோம். எந்த அதிகாரி வந்தாலும் அதில் கை வைக்கத் துணியவில்லை.

அந்த மனுஷன் செய்த ஒரே தப்பு, உள்ளதை உள்ளபடி எழுதியதுதான். வேலை முடித்த நேரம் என்று ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் உண்டு. அதில் ஒழுங்காகப் பதினைந்து நிமிஷம் என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். சென்னையில் யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கண்டுபிடித்தார். மற்ற மாவட்டத்தில் மூன்று மணி நேரம் ஆகிற வேலை இங்கே மட்டும் எப்படிப் பதினைந்து நிமிஷம்? இந்த ஆள் போகாமலே போனதாக எழுதுகிறான் என்று முடிவுகட்டி, விசாரிக்க சுதர்சன் என்ற இன்ஜினியரை அனுப்பினார்கள். முப்பத்து மூன்று வயது இருக்கும், இஸ்திரி கலையாத சட்டை.

போன நவம்பரில் அவர் ராசாங்கத்தோடு எங்கள் ஆபீஸுக்கு வந்த அன்று பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு கேட்கக் கடைசி நாள். பதிவேட்டில் அவரவர் நிலம் இருக்கும் பக்கத்தை நகல் எடுத்து, சீல் வைத்து, ஐந்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். பதிவேடு ஆபீஸ் வாசலைத் தாண்டக் கூடாது, அதனால் வெளிக் கடைக்கும் போக முடியாது. வராண்டாவில் நாற்பது பேர் நின்றார்கள். காலையிலிருந்து மிஷின் ஒரு தாளைக்கூட இழுக்கவில்லை.

"என் கண்ணு முன்னாடி செய்ங்க ராசாங்கம். புத்தகத்துல இருக்குற மாதிரி" என்றார் சுதர்சன்.

ராசாங்கம் என்னைப் பார்த்தார், நான் பிள்ளையாரைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் முதுகுப் பக்கம் திறந்தார். மணி ஒன்றரை.

மூன்று மணிக்கு இருபத்திரண்டு ஸ்க்ரூவும் தரையில் கிடந்தது. ராசாங்கத்தின் விரலில் ரத்தம். உருளையைப் பிடித்திருக்கும் அந்தக் கடைசி ஸ்க்ரூ மட்டும் அகப்படவில்லை. "தள்ளுங்க, நான் பாக்குறேன்" என்று சுதர்சன் சட்டையை மடக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டார். அரைமணி நேரம் தடவினார். வியர்வை மூக்கில் சொட்டியது. கையை எடுத்தபோது மணிக்கட்டு கிழிந்திருந்தது. ராசாங்கம் டீ குடிக்கப் போகவில்லை. ஆனால் அந்த முகத்தில் ஒரு நொடி வந்துபோன சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

அப்போதுதான் சுதர்சன் கண்ணில் பிள்ளையார் பட்டார். "நேத்து பூலாம்பாடியிலயும் இதே எடத்துல ஒட்டியிருந்துச்சே" என்று கையை நீட்டினார்.

"சார், பூஜை பண்ணின சாமி" என்று நான் எழுந்தேன். "கிழிச்சீங்கன்னா வெளிய நிக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்ல முடியாது." கூசாமல் சொன்னேன். இவ்வளவு நல்ல பொய் எனக்கு வரும் என்று அதுவரை தெரியாது. சுதர்சன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

வராண்டாவிலிருந்து தனம் என்கிற அம்மா எட்டிப் பார்த்தது. ஒன்றரை ஏக்கர் நெல், போன வாரம் கொள்ளிடத் தண்ணீர் ஏறி முழுகிக் கிடந்தது. "ஏம்ப்பா, அஞ்சு மணிக்குள்ள ஆயிடுமா? ஆவாதுன்னா சொல்லிடு, நான் வூட்டுக்குப் போறேன்" என்றது. குரலில் கோபம்கூட இல்லை.

ராசாங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால். எழுந்து வந்து பிள்ளையாரை உரித்து, கண்ணில் ஒற்றி, சட்டைப் பையில் வைத்தார். ஓட்டை சுதர்சனைப் பார்த்துக்கொண்டு நின்றது. நீள ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனது. நாலு சுற்று. கழற்றிப் போட்டதையெல்லாம் மாட்டி முடித்தபோது மணி நாலேகால். நான் நகல் எடுக்க ஆரம்பித்தேன். ராசாங்கம் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி நீட்டினார்.

"இந்தாங்க சார். ரெண்டு மாவட்டத்துலயும் நான்தான் போட்டேன்."

சுதர்சன் அட்டையை வாங்கவில்லை. குனிந்து ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த ஸ்க்ரூவை நான்தான் வரைஞ்சேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். கம்ப்யூட்டர்ல பாத்தா கைக்கு எட்டுற மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

ராசாங்கம் இத்தனை வருஷம் சேர்த்து வைத்ததையெல்லாம் அவிழ்த்துவிடுவார் என்று நினைத்தேன். "கம்ப்யூட்டர்ல தகடு கையக் கிழிக்காதுல்லங்க" என்று மட்டும் சொன்னார்.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நாற்பதாவது நகலில் சீல் விழுந்தது. தனத்தம்மா தன் நகலை வாங்கிக்கொண்டு போய்விட்டது. சுதர்சன் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார். ஓட்டை பற்றி ஒரு வரி இல்லை. நேரம் என்ற கட்டத்தில் மூன்று மணி நேரம் பத்து நிமிஷம் என்று எழுதினார்.

"அண்ணே, ஓட்டை சரின்னு கம்பெனி ஒத்துக்காது. ஒத்துக்கிட்டா வடிவம் தப்புன்னு ஆயிடும். நீங்க பதினஞ்சு நிமிஷத்துலயே முடிங்க. ஆனா மூணு மணி நேரம்னு எழுதுங்க. ஒருத்தரும் வர மாட்டாங்க."

அன்றிலிருந்து ராசாங்கம் அப்படியே எழுதினார். ஆனால் வேலையின் வேகம் குறையவில்லையே. ரிப்போர்ட்டை நம்பினால் காலை பத்து மணிக்கு அவர் திருமானூரிலும் பெரம்பலூரிலும் ஒரே நேரத்தில் மிஷினுக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தார். சில நாளில் இருபது மணி நேரம் உழைத்திருந்தார். சென்னையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மார்ச் மாதம் திருச்சியில் கூட்டம் போட்டு, சால்வை போர்த்தி, சிறந்த உழைப்பாளி என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

மறுநாள் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "ஏழு வருஷம் சீக்கிரமா முடிச்சுக் குடுத்தேன் மேடம், திருடன்னு ஆள் அனுப்புனாங்க. நாலு மாசம் பொய் எழுதுனேன், எழுந்து நின்னு கை தட்டுறாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.